நம்ம இஸ்கூலு காத்தாயி

"சத்தமாப் படிங்க புள்ளைகளா! மேமலை வரைக்கும் கேக்கணும்!"

காலைத் தேயிலை நிறுவை முடிந்து, வெறுங்கூடையோடு மறுபடி கொழுந்து மலைக்கு ஏறும்போது, பள்ளிக்கூடத்தின் கம்பியில்லாத ஜன்னலுக்குள் தலையை நீட்டி இதைச் சொல்லாமல் காத்தாயி ஒரு நாளும் போனதில்லை. உள்ளே ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியாரான அழகுமுத்து மாஸ்டர், "வந்துட்டாங்கப்பா நம்ம இன்ஸ்பெக்டரு" என்பார். பிள்ளைகள் சிரித்துவிட்டு, அவளுக்காகவே கொஞ்சம் தொண்டையைத் திறந்து வாய்ப்பாடு சொல்லும்.

இதை மாஸ்டர் சொல்லக் கேட்டபோது, விளையாட்டுக்குச் சொல்வதாகத்தான் நானும் முதலில் நினைத்தேன். விஷயம் வேறு. மேமலையில் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதும் அவளுடைய ஒரு காது கீழேயே இருக்கும். பாடச் சத்தம் கேட்டால் மாஸ்டர் வகுப்பில் இருக்கிறார். சத்தம் நின்று கூச்சல் எழுந்தால், ஏதோ கணக்கு எழுத ஆபீசுக்கு அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். "அடியே, நம்ம மாஸ்டரத் தூக்கிட்டாங்கடி!" என்று நிரை முழுக்கக் கேட்கச் சொல்வாள். ஒரு முறை கூடையோடு நேரே ஆபீஸ் வாசலுக்கே இறங்கிப்போய், "எங்க வாத்தியாரக் குடுங்க" என்று நின்றுவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு அரைநாள் சம்பளத்துக்குத்தான் பேர் போட்டார்கள். மாஸ்டர் என்னவோ வகுப்புக்குத் திரும்பிவிட்டார்.

இலங்கை மலைநாட்டில், கொட்டகலையில் ரயிலை விட்டிறங்கி, கடைவீதியில் ராசிக் நானா கடையில் ஒரு தேநீர் குடித்துவிட்டு ஏற ஆரம்பித்தால், வியர்வை காய்வதற்குள் மழை பிடித்துக்கொள்ளும் தோட்டம் அது. பெயரை எழுதவில்லை, எழுதினால் அங்குள்ள பெரிய கிளாக்கருக்கு வீண் வேலை வைத்ததாகும். மாஸ்டர் என் சிநேகிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போகும் வழியில்தான் காத்தாயி எனக்குப் பழக்கம்.

நாற்பது வயதிருக்கும். ஒல்லி. தேயிலைச் சாயம் ஏறிய விரல்கள். இடுப்பில் சுற்றிய சாக்குப் படங்கை ஞாயிற்றுக்கிழமையும் அவிழ்ப்பதில்லை. கேட்டால், "இது இல்லாட்டி நடக்கவே வரல சாமி" என்பாள். பேசும்போது எதிராளியின் முகத்தை நேராகப் பார்ப்பாள். தோட்டத்தில் இது பெரிய குற்றம். புருஷன் மாயாண்டி தேயிலை ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன். அவனுக்கும் சேர்த்து இவளே பேசிவிடுவதால் அவன் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

தோட்டத்தில் எல்லாரும் அதைத் 'தொரை இஸ்கூலு' என்றுதான் சொல்வார்கள். கட்டிடம் தோட்டத்தை நடத்தும் துரையுடையது, சம்பளம் துரை கொடுப்பது, பூட்டுச்சாவி ஆபீசில் தொங்குவது. காத்தாயி மட்டும் 'நம்ம இஸ்கூலு' என்பாள். கேலியாக அதுவே அவள் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை.

பள்ளிக்கூடத்துக்கென்று கம்பெனி வருஷா வருஷம் ஏதோ கொடுக்கும். அதை என்ன செய்வது என்பது பங்களாவில் முடிவாகும். ஒரு வருஷம் கம்பெனிப் பெரியவர் ஒருவர் வருகிறார் என்று சுவருக்கு வெள்ளையடித்து, வாசலில் ரோசாச் செடி வைத்தார்கள். அந்த மழைக்கும் கூரைத் தகரம் ஒழுகியது. ரோசா மட்டும் செழிப்பாக வளர்ந்தது.

போன ஐப்பசியில் ஒரு நாள் பெரட்டுக்களத்தில், விடியற்காலையில் ஆள் பிரித்து வேலைக்கு அனுப்பும் நேரத்தில், காத்தாயி வரிசையை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். துரை புதியவர், வயதிலும் சின்னவர்.

"எங்க புள்ளைகளுக்கு என்னா வேணும்னு எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டா தொரைக்குக் கொறஞ்சா போயிரும்? ரோசாப்பூவையா திங்கப்போகுதுக?"

பக்கத்தில் நின்ற, வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையா அதை இங்கிலீஷில் சொல்லும்போது பாதியை விழுங்கிவிட்டார். துரைக்கோ தோட்டத்துத் தமிழ் தெரியும். விழுங்கிய பாதியும் அவர் காதில் ஏற்கனவே விழுந்திருந்தது. கொஞ்ச நேரம் நிலத்தைப் பிரம்பால் தட்டிக்கொண்டு நின்றார். பிறகு, இந்த வருஷப் பணத்தில் ஒரு காரியம்தான் ஆகும், அது எதுவென்று லயத்து வரிசைவீட்டு ஆட்களே பேசி முடிவு சொல்லட்டும், அப்படியே செய்கிறேன் என்றார். களத்தில் யாருக்கும் நம்ப முடியவில்லை. சுதந்திரம் வந்த கையோடு குடியுரிமையையும் வாக்கையும் பறிகொடுத்த சனம் அது. "நாப்பத்தேழுல ஒருக்கா ஓட்டுப் போட்டேனுங்க" என்று காத்தாயி என்னிடம் சொல்லியிருக்கிறாள். "நல்லாத்தான் போட்டேன். என்னா தப்பக் கண்டாங்களோ, பொறகு பேரையே வெட்டிட்டாங்க."

அந்தத் தோட்டத்தில் லயத்து ஆட்கள் தாமே கூடி முடிவெடுக்கும் காரியம் ஒன்றே ஒன்றுதான்: மாரியம்மன் திருவிழா. லயத்துக்கு ஒருவர் கோயில் முற்றத்தில் உட்காருவார்கள். இரண்டு அபிப்பிராயம் வந்தால் அம்மன் முன்னால் இரண்டு தட்டு வைப்பார்கள். ஆளுக்கொரு வெற்றிலையைத் தனக்குச் சரியென்று படும் தட்டில் வைக்க வேண்டும். எதில் வெற்றிலை கூடுதலோ அதுவே முடிவு. அதற்குமேல் ஒரு கட்டுப்பாடு உண்டு. முன்னொரு காலத்தில் யாரோ தேர்ச் சண்டையைப் பங்களாவுக்குக் கொண்டுபோக, அன்றிருந்த துரை அந்த வருஷத் திருவிழாவையே நிறுத்திவிட்டாராம். அதிலிருந்து, அம்மன் முன்னால் முடிந்த பேச்சை ஆபீசுக்கோ பங்களாவுக்கோ எடுத்துப் போகக்கூடாது. போனவன் வாசலில் திருவிழாவன்று கரகம் நிற்காது. தண்ணீர்க் குடத்தோடும் மஞ்சளோடும் வீட்டுக்காரி காத்து நிற்க, கரகம் பார்க்காததுபோல் அடுத்த வாசலுக்குப் போய்விடும். அதை ஒரு குடும்பம் பிள்ளை குட்டி காலத்துக்கும் மறக்காது.

பள்ளிக்கூடப் பேச்சையும் கோயிலிலேயே வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் காத்தாயிதான். "வேற எடத்துல பேசினா நாளைக்கு எவனாச்சும் பங்களாப் பக்கம் ஓடுவான். இங்கன்னா ஒருத்தரும் அசைய மாட்டாங்க" என்றாள். கோயில் தலைவர் நல்லமுத்துக் கங்காணி, "பொம்பளைங்க எதுக்கு இங்க?" என்று மீசையைத் தடவினார். "பெத்தது நாங்க. கொழுந்து கிள்ளிக் கஞ்சி ஊத்துறது நாங்க. வெத்தில வைக்க மட்டும் கை ஆகாதா?" என்று தன் லயத்துக்காகத் தானே போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவளுக்கு வேண்டியது இன்னொரு வாத்தியாரும் ஆறாம் வகுப்பும். அதை அவள் மறைக்கவில்லை. மூத்த மகள் ஐந்து முடித்த மறுவாரமே கூடை மாட்டிக்கொண்டவள். இளையவள் அஞ்சலை இப்போது ஐந்தில். மாஸ்டர் ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரியும் கெட்டிக்காரி. கொட்டகலைப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வர ஒரு நாளில் பாதி போய்விடும். தேயிலைக்குள்ளால் தனியாகப் பெண்பிள்ளையை அனுப்ப ஒருவருக்கும் மனம் வராது. ஆறாம் வகுப்பு இங்கே திறந்தால் அஞ்சலை படிப்பாள். திறக்காவிட்டால் இந்த வருஷப் படிப்பு முடிந்ததும் அவள் பெயரும் பெரட்டில் கூப்பிடப்படும். அவ்வளவுதான்.

கார்த்திகையில் கூட்டம் நடந்தபோது மாஸ்டரோடு நானும் முற்றத்தின் ஓரத்தில் நின்றேன். ஒரு தட்டில் வாத்தியாருக்காகச் சிலேட்டுக்குச்சி, மற்றதில் புதுக் கூரைக்காகக் கூரை ஆணி. காத்தாயி நன்றாகப் பேசினாள். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். என் கண்ணுக்குக் காரியம் ஆகிவிட்டது போலத்தான் இருந்தது. அப்போது கீழ்ப்பக்கத்துப் பணிய லயத்து வீரய்யா எழுந்தான். ஆடி மழையில் ஒன்றாம் வகுப்பில் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்து, நெஞ்சுச்சளி கட்டி, அந்த வாரமே போய்விட்ட பிள்ளைக்கு அவன் தகப்பன்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க" என்றான். "எம்புள்ள நனைஞ்ச எடத்துல இன்னொரு புள்ள ஒக்காந்து நனையக்கூடாது. அம்புட்டுத்தான்."

வெற்றிலையை ஆணித் தட்டில் வைத்துவிட்டு, யாரையும் பாராமல் போய் உட்கார்ந்தான். அவனுக்குப் பிறகு வந்த கைகள் அநேகமாக அந்தத் தட்டுக்கே போயின. காத்தாயி தன் வெற்றிலையைச் சிலேட்டுக்குச்சியின் பக்கம்தான் வைத்தாள். தோற்கப்போவது தெரிந்துதான் வைத்தாள். நல்லமுத்துக் கங்காணி கற்பூரம் கொளுத்தி, கூரை என்று சொல்லி முடித்தார்.

இரண்டு நாள் கழித்து, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் பெரிய கிளாக்கர் அவளைத் தனியே கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், சாதுவாகப் பேசுவார்.

"துரைக்கும் ரெண்டாவது வாத்தியாரைப் போடத்தான் விருப்பமாம். இவையளெல்லாம் கூரை எண்டு சொல்லிப்போட்டினம். நீ ஒருக்கா பங்களாவுக்குப் போய்த் துரையைக் கண்டு கதை. உன்ர பிள்ளைக்கெண்டு கேள். உடனே மாத்திப்போடுவார்."

லயத்து ஆட்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி முடிவு செய்வது கிளாக்கருக்கு ஆரம்பம் முதலே பிடிக்கவில்லை. ஒரு தடவை அதைத் துரை மாற்றிவிட்டால் அடுத்த வருஷம் அந்தப் பேச்சே எழாது. இது எனக்குப் புரிந்தது. ஆனால் அஞ்சலையின் முகத்தைப் பார்த்தவனுக்கு இதெல்லாம் புரிந்து என்ன பிரயோசனம்?

அந்த ஞாயிற்றுக்கிழமை காத்தாயி மாஸ்டர் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள். மாஸ்டரின் மனைவி கொடுத்த, பால் விடாத சாயத்தண்ணீர் கையிலேயே ஆறிப்போயிற்று.

"போயிக் கேக்கட்டுங்களா சாமி?" என்று எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டாள்.

நான், "போய்க் கேள், காத்தாயி. கரகம் நிற்காவிட்டால் போகிறது. பிள்ளையின் படிப்பல்லவா?" என்றேன்.

"கரகத்துக்காகச் சொல்லலிங்க. அம்மன் எங்கிட்டக் கோவிச்சா நான் காலப் புடிச்சுக்கிருவேன்." ஆறிய சாயத்தண்ணீரைப் படியில் வைத்தாள். "இன்னைக்கு எனக்காவ மாத்துவாரு. நாளைக்கு இன்னொருத்தன் போவான், அவனுக்காவ மாத்துவாரு. அப்ப மறுபடி தொரை இஸ்கூலுதானே? வீரய்யாண்ணன் மூஞ்சிய நான் எப்புடிப் பாக்குறது? அந்தாளு என்னா பொய்யா சொன்னாரு?"

"அப்படியானால் அஞ்சலை?" என்றேன். கேட்டிருக்க வேண்டியதில்லை, கோபத்தில் வந்துவிட்டது.

"வயிறு எரியுதுங்க" என்றாள். முகத்தைத் திருப்பவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததை அவள் துடைக்கவுமில்லை. "கோயில்ல வச்சுப் பேசுவோம்னு கத்தினவ நான்தானே. என் வாயிக்கு நானே பூட்டுப் போட்டுக்கிட்டேன்."

நானாயிருந்தால் போயிருப்பேன். இதை எழுதும்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. அவள் போகவில்லை. கிளாக்கர் இன்னொரு முறை ஜாடையாகக் கேட்டாராம். "கோயில்ல முடிஞ்சிருச்சுங்கய்யா" என்று கூடையைத் தராசில் மாட்டினாளாம்.

மார்கழிக் கடைசியில், பள்ளிக்கூட விடுமுறையில் தகரம் வந்தது. லாரி தெருவோடு நின்றுவிடும்; அங்கிருந்து பள்ளிக்கூடம் வரை செங்குத்தான குறுக்குப் பாதை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆட்கள் லயம் லயமாகக் கூடியிருந்தார்கள். மழை விட்டும் விடாத நேரம். புதுத் தகரங்கள் ஈரத்தில் மின்னிக்கொண்டிருந்தன. யார் முதலில் தொடுவது என்று கொஞ்சம் தயக்கம். நல்லமுத்துக் கங்காணி தேங்காய் உடைக்க வேண்டுமென்றார். தேங்காய் கொண்டுவர மறந்திருந்தார்கள்.

காத்தாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் அஞ்சலை. மறுநாள் திங்கட்கிழமை அந்தப் பிள்ளையின் பெயர் பெரட்டில் கூப்பிடப்படும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். வீரய்யா மட்டும் முன்னால் வந்து, "நான் புடிக்கிறேன் தங்கச்சி, புள்ளைய விட்டுரு" என்றான்.

"இருக்கட்டும்ண்ணே" என்றாள் காத்தாயி.

தகரத்தின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு இடுப்புப் படங்கை அவிழ்த்தாள். பல்லால் கடித்து அதை இரண்டாகக் கிழித்து, அஞ்சலையின் இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொரு துண்டாகச் சுற்றி, அவிழாதபடி முடிச்சுப் போட்டாள். மகளை மறுமுனையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, தன் முனையை வெறுங்கையால் தூக்கினாள்.