செயின் கவர் இல்லாத சீமை சைக்கிள்

எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஒரே பொருளைக் கேட்டால் காத்தாடி, அதாவது பட்டம், விட்டுத்தான் முடிவு செய்வோம். ஏறினால் விட்டவர் பக்கம், ஏறாவிட்டால் மற்றவர் பக்கம். ரேடியோவில் எந்த நிலையத்தைக் கேட்பது, பொங்கலுக்குக் கதவுக்கு என்ன நிறம் அடிப்பது எல்லாமே அப்படித்தான் தீர்ந்தன. பேசித் தீர்த்தால் யாராவது ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், காற்றோடு யாரும் கோபித்துக்கொள்ள முடியாது என்பது அப்பாவின், எங்கள் நைனாவின், எண்ணம்.

நைனா மொபெட் வாங்கிய வருஷம் அவருடைய சீமை சைக்கிளுக்கும் அந்த நிலை வந்தது. அது சுதந்திரத்துக்கு முன்னால் செய்த லேடீஸ் சைக்கிள். யாரோ ஒரு வெள்ளைக்காரம்மா ஓட்டிய வண்டியாம். செஞ்சிக் கடைத்தெருவில் எத்தனையோ பேர் கேலி செய்தும், நைனா இருபது வருஷம் அதில்தான் வேலைக்குப் போய்வந்தார். தொண்டூரில் மாடு வைத்திருந்த சித்தப்பா பால் கேன் மாட்ட அதைக் கேட்டார். நடுவில் பார் இல்லாததால், பின்னால் கேன் இருந்தாலும் காலைத் தூக்கிப் போடாமல் ஏறலாம். நியாயமான காரணம்தான்.

எனக்கும் அது வேண்டியிருந்தது. என் காரணங்களை ஒரு தாளில் எண் போட்டு எழுதி நைனாவிடம் கொடுத்தேன். ஒன்று, ஃபிரேமில் விரிசல் கிடையாது. இரண்டு, பிரேக்குக்கு ஒயர் இல்லை, கம்பிதான். அறுந்துபோகாது. மூன்று, தோல் சீட்டு. நான்கு, மிதிக்காமல் விடும்போது பின்சக்கரத்தில் வரும் சத்தம். ஐந்தாவதாக 'அது என் சைக்கிள்' என்று எழுதி, அது காரணமாகாது என்று அடித்துவிட்டேன்.

நைனா அடித்ததையும் சேர்த்துப் படித்தார்.

"அவனும் கேக்கறான், நீயும் கேக்கற. ஞாயித்துக்கெழம பெரிய காத்தாடிய ஏத்திடு, வண்டி உன்னுது. இல்லன்னா அவன் எடுத்துக்கினு போவட்டும்."

காற்று விழுந்திருந்த மாதம் அது. அப்படிப்பட்ட நாட்களில் காத்தாடி நூலைச் சீட்டுக்கு அடியில் கட்டிக்கொண்டு சைக்கிளை வேகமாக மிதிப்போம். கோட்டைக்குப் பின்புறம் மலையடிவாரத்திலிருந்து ஏரிக்கரைவரை போகும் கல்பாதையில், கால் ஊன்றாமல் போய்ச் சேர வேண்டும். அதுதான் நைனாவின் நிபந்தனை.

நான் அப்போது பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா கடைசி வருஷம். நூலகத்துக்கு வந்திருந்த வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில், மலையில் ஓட்டுவதற்கென்றே செய்த சைக்கிளின் படத்தைப் பார்த்திருந்தேன். தடித்த டயர், பல கியர். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் எதுவும் கிடையாது. அந்தப் பக்கத்தை அப்படியே நோட்டில் வரைந்து வைத்திருந்தேன். டயருக்கும் கியருக்கும் நான் எங்கே போவது? கழற்றுவது மட்டும் என் கையில் இருந்தது. சனிக்கிழமை ஒவ்வொன்றாகக் கழற்றி, தராசில் நிறுத்து, எடையைக் குறித்துக்கொண்டேன். மொத்தம் நாலரை கிலோ குறைந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை பாதையோரப் பாறையில் உட்கார்ந்திருந்த சித்தப்பா வண்டியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இன்னாம்மா இது, மெக்கானிக்கு படிக்கிறன்னு சொல்லி வண்டிக்கு மொட்ட போட்டுக்கினு வந்துட்ட?"

"எடையக் கொறச்சிருக்கேன் சித்தப்பா."

"பாத்து, நீயும் பறந்துடப் போற."

நைனா காத்தாடியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். நான் மிதித்தேன். வண்டி நான் நினைத்ததைவிட லேசாகப் போனது. கற்கள் மேல் தாவித் தாவிப் போனதில் சீட்டின் ஸ்பிரிங் முனகியது. முதுகுக்குப் பின்னால் நூல் விறைத்தது. திரும்பிப் பார்த்தேன். காத்தாடி பனை உயரத்துக்கு ஏறியிருந்தது. ஏரிக்கரை கண்ணுக்குத் தெரிந்தது. அங்கிருந்து கொஞ்ச தூரம்தான்.

அப்போது என் பாவாடையை யாரோ கீழிருந்து பிடித்து இழுத்தார்கள். குனிந்து பார்த்தால், ஓரத்தைச் செயின் கவ்வியிருந்தது. இன்னும் ஒரு மிதி மிதித்தேன், அரை முழம் உள்ளே போனது. அதற்கு மேல் பெடல் நகரவில்லை. வண்டி சாய்ந்தது. கால் ஊன்றினேன். காத்தாடி மெதுவாக இறங்கி ஒரு வேலமரத்தில் உட்கார்ந்தது.

பத்திரிகையில் சைக்கிளை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ஓட்டியவன் அரைக்கால் சட்டை போட்டிருந்ததைப் பார்க்கவில்லை.

நைனா ஓடிவந்து குந்தி உட்கார்ந்து, பெடலைப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றித் துணியை விடுவித்தார்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல நைனா."

"கவர இன்னாத்துக்குக் கழட்டுன?"

"எண்ணூறு கிராம் நைனா."

"அந்த எண்ணூறு கிராம போட்டதாலதாம்மா அது லேடீசு வண்டி."

சித்தப்பா சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. நைனா தன் தம்பியைப் பார்த்தார். "காத்தாடி ஏறிடுச்சி இல்ல?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏறிச்சி. இவ எறங்கிட்டாளே."

நைனா வேலமரத்துக் காத்தாடியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். இன்னொரு தரம் விடலாம் என்று நைனா சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. சொன்னால் சித்தப்பா மறுக்கமாட்டார். அப்புறம் எங்கள் வீட்டில் காத்தாடிக்கு என்ன மதிப்பு?

"கால் ஊனிட்டேன் நைனா. வண்டி சித்தப்பாவுக்குத்தான்."

சாயங்காலம் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். செயின் கவரை முதலில் மாட்டினேன். சித்தப்பா பக்கத்தில் நின்று ஒவ்வொரு நட்டையும் எடுத்துக் கொடுத்தார். கடைசி நட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஞாயித்துக்கெழமல காலையில பால் ஊத்திட்டு வந்தா, வண்டி சும்மாதான் நிக்கும். சாயங்காலம் கறக்கறதுக்குள்ள கொண்டாந்து வுட்டுடு. அப்புறம், ஸ்பேனர எடுத்துக்கினு வராத."

அடுத்த ஞாயிறு தொண்டூர் பஸ்ஸில் போய் இறங்கி, சித்தப்பா வீட்டில் வண்டியை எடுத்துக்கொண்டேன். பெரிய காத்தாடியும் நானும் ஒரே மொபெட்டில் போக முடியாது என்பதால், நைனா அதைத் தூக்கிக்கொண்டு முன்னாலேயே போயிருந்தார். சமண முனிவர்களின் கற்படுக்கைகள் இருக்கும் பாறைக்குக் கீழே நின்று கையை ஆட்டினார். சித்தப்பா கேரியரின் இரண்டு பக்கமும் கேனுக்குக் கொக்கி அடித்து வைத்திருந்தார். வண்டியில் பால் வாசனை வந்தது. கொக்கியைப் பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. நூலின் முனையை அதிலேயே கட்டிவிட்டு ஏறி மிதித்தேன்.