இரண்டு தரம் பெயர் கேட்டவர்

ரத்தம் எடுக்கும் ஒவ்வொருவரிடமும் அவர் இரண்டு தரம் பெயர் கேட்பார். ஒருவரின் சோதனைக் குழாய் இன்னொருவருடையதோடு மாறிவிடக் கூடாதாம். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. மெலிந்த உடம்பு, மருதோன்றி பூசிய தாடி, நூலால் கட்டிய கண்ணாடி.

காய்ச்சலில் கதைக்கவும் ஏலாமல் கிடந்த என் தங்கைக்கு ஊசி குத்தியபடி, "முந்தி டெங்கு வந்ததா?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம், போன வருஷம். ஒருக்கா வந்தா திரும்ப வராதெண்டு மூணு நாள் வீட்டிலேயே வெச்சிருந்தம்."

அவர் முகம் மாறியது. "டெங்கில நாலு வகை இருக்கு தம்பி. வந்த வகைதான் திரும்ப வராது. வேற வகை வந்தா முந்தினதை விடப் பொல்லாததாகலாம்."

மறுநாள் அவள் மவுத்தானாள்.

நாற்பதாம் நாள், அவளுக்காகக் குர்ஆன் ஓதிச் சோறு கொடுக்கும் கத்தத்தன்று, வகை பார்க்கக் கொழும்புக்கு அனுப்பிய அவள் ரத்தத்தின் முடிவோடு அவர் எங்கள் மருதமுனை வீட்டு வாசலில் நின்றார்.

"இது ரெண்டாம் வகை. போன வருஷம் ஊருக்குள்ள இருந்தது மூணாம் வகை."

"இனி இத வெச்சு என்ன செய்யிற?" என்றேன்.

"வீட்டில மத்தவங்களுக்கும் போன வருஷம் வந்ததுதானே. காய்ச்சலெண்டா அண்டைக்கே கொண்டு வாங்க."

சோறும் தின்னாமல் போய்விட்டார். நல்ல மனிதர் என்றார் வாப்பா. இருக்கலாம். போன வருஷமும் அவளுக்கு ரத்தம் எடுத்தவர் அவர்தான். அன்று அவள் பெயரை இரண்டு தரம் கேட்டார்; டெங்கில் நாலு வகை இருப்பதை ஒரு தரமும் சொல்லவில்லை.