சந்தனம் வைத்த எஞ்சின்

ஆயுத பூஜைக்கு மறுநாள் என் மாடல் ரயில் எஞ்சின் அசையவில்லை. ரிமோட்டில் எந்தப் பட்டனை அழுத்தினாலும் விளக்குகூட எரியவில்லை. வாங்கிய தி.நகர் கடைக்குப் போன் செய்து, "மட்டமான சரக்கை என் தலையில கட்டிட்டீங்களே!" என்று கத்தினேன்.

"உள்ள இருக்கற சிப்பு போயிருக்கும்மா. புதுசுதான் போடணும்" என்றார் கடைக்காரர்.

"அறுபது வயசுல உனக்கு எதுக்கு பொம்மை ரயில்? தூக்கிப் போடு" என்றார் என் கணவர்.

அந்தச் சொல்லுக்காகவே நான் விடுவதாயில்லை. சாப்பாட்டு மேஜையில் எஞ்சினைக் கவிழ்த்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். சக்கரங்களில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. பூஜையில் நானே அப்பிய சந்தனம்! தண்டவாளத்திலிருந்து மின்சாரமும் ரிமோட்டின் கட்டளையும் சக்கரம் வழியாகத்தான் எஞ்சினுக்குள் போகும். அந்த வழியை அடைத்தது நான்தான்.

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துத் தண்டவாளத்தில் வைத்தேன். விளக்கு எரிந்தது, எஞ்சின் கிளம்பியது. உடனே கடைக்காரரை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவரைத் திட்டியது இன்னும் உறுத்துகிறது.

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பொம்மைக்குப் போய் யாராவது சந்தனம் வைப்பாங்களா?"

"உங்க ஸ்கூட்டருக்கு வைக்கலாம், என் ரயிலுக்கு வைக்கக் கூடாதா? அடுத்த வருஷமும் வைப்பேன். சக்கரத்துல இல்ல, நெத்தியில."