கூடைக்குள் விருந்தாளி

ஐம்பது வயதுக்கு மேல் ஒரு கூடையில் மாட்டிக்கொண்டவன் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆக்லாந்து நகர மையத்தில் போலந்துக் கைவினைக் கண்காட்சி. மரக்கிளைகளால் பின்னிய, அறையளவு பெரிய கூடை. 'உள்ளே வந்து உட்காருங்கள்' என்றது பலகை. மனைவி காபி வாங்கப் போயிருந்தாள். கண்ணில் பட்ட வட்டத் துளைக்குள் தலையை நுழைத்தேன். நெஞ்சு போனது, தொப்பை போகவில்லை. பின்னாலும் வர முடியவில்லை. வெளியே நின்ற என் கால்களும் காட்சியில் சேர்த்தி என்று நினைத்து ஜனங்கள் படமெடுத்தார்கள்.

கூடையைப் பின்னிய போலந்துப் பெண் உள்ளே என் முகத்தருகே வந்து உட்கார்ந்து, தேன் தடவிய ரொட்டியை ஊட்டினார். பிறகு கத்தரியை எடுத்துத் தன் பின்னலையே வெட்டத் தொடங்கினார்.

"ஐயோ, உங்க உழைப்பு!"

"தப்பு என்னோடது. வாசலைச் சின்னதாப் பின்னிட்டேன்."

என் வீட்டில் ஒரு விருந்தாளி கோப்பையை உடைத்தபோது நான் வைத்திருந்த முகம் நினைவுக்கு வந்தது.

அந்தப் பெண் சொன்னதைக் காரில் மனைவியிடம் நெகிழ்ந்துபோய்ச் சொன்னேன்.

"நீங்க நுழைஞ்சது ஜன்னல். வாசல் அந்தப் பக்கம் இருந்துச்சு," என்றாள். "பின்ன, அந்தப் பொண்ணு எப்படி உள்ள வந்துச்சாம்?"