கற்பூர மரத்தில் ஒரு பாம்புப் பெட்டி

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் மலாக்கா காஜா பெராங்கில் என் உளிக்கு ஈடு கிடையாது. செய்த பொருளிலெல்லாம் என் பெயரைச் செதுக்கிவிடுவேன்.

இங்கே சுதந்திரம் வந்த சமயம். தம் ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை ஒருவர், தாம் வளர்த்த அமெரிக்கச் சோளப் பாம்பை டிரைவர் மாணிக்கத்திடம் விட்டுப் போனார். விஷமில்லாத, செம்மஞ்சள் நிறப் பாம்பு. அதற்கொரு பெட்டி கேட்டான் மாணிக்கம். பாம்பென்றால் சாமியல்லவா? கற்பூர மரத்தில் கண்ணாடியும் காற்றுக்குக் கம்பி வலையும் வைத்து, சாமி அலமாரி போலவே செய்து கொடுத்தேன். தெருவே வந்து பார்த்தது.

மூன்று வாரத்தில் மாணிக்கம் ஓடி வந்தான். “அண்ணே, எலியத் தொடவே மாட்டேங்குது. செத்துடும் போல.”

“என் வேலையில குறையா? பாம்புக்குத் திமிருடா!” என்றபடி போனேன். கம்பி வலையில் தேய்த்துத் தேய்த்து அது மூக்கைப் புண்ணாக்கியிருந்தது.

மாணிக்கத்தின் மனைவி லெட்சுமி, பாம்பைக் கூடையில் எடுத்து வைத்தாள். “இப்ப உங்க தலைய உள்ள விட்டுப் பாருங்கண்ணே.”

விட்டேன். நெடியில் கண் கலங்கியது. துணியில் பூச்சி அண்டக்கூடாதென்று பெட்டி செய்யும் மரமல்லவா அது!

“நாம கும்பிட வசதியாத்தான் இருக்கு. அது ஒளிஞ்சிக்க இடம் எங்கண்ணே?” என்றாள்.

அன்றே வாசமில்லாத பழைய பலகையில் வேறு பெட்டி அடித்தேன். லெட்சுமி விளிம்புடைந்த மண்சட்டியை அதில் கவிழ்த்தாள். பாம்பு உள்ளே நுழைந்து சுருண்டது. நான்காம் நாள் எலியை விழுங்கியது.

பெயர் செதுக்க உளியை எடுத்தேன். தட்டினால் பயந்துவிடுமே என்று வைத்துவிட்டேன். என் பெயர் இல்லாத வேலை அது ஒன்றுதான். அதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் இன்றும் என் குரல் கொஞ்சம் தணிந்துவிடுகிறது.