கதவு வைத்த விமான அறையில் கீழ்வேளூர்ச் சோறு

போன மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்து வயலில் உளுந்து தலைகாட்டியிருந்த சமயத்தில், சென்னையிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றுக்கு விமானத்தில் முதல் வகுப்புத் தனியறையில் போய் வந்தேன். கதவு, அலமாரி, கண்ணாடி, கட்டில் எல்லாம் வைத்த அறை. ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அந்த அறையில் மதியம் என்ன சோறு போடுகிறார்கள் என்று பார்க்கப் போனேன். வசந்தாவுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்பவர்கள் முழுக்கப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கீழ்வேளூரைச் சுற்றியுள்ள ஊர்களில் நாங்கள் இருபத்தேழு பெண்கள் ஒரு குழுவாகச் சீரகச் சம்பா போடுகிறோம். சிலருக்குச் சொந்த நிலம், சிலருக்குக் குத்தகை. இரண்டு வருடமாக, சென்னையில் விமானங்களுக்குச் சமைத்து ஏற்றும் ஒரு சமையற்கூடம் எங்களிடம் மாதம் அறுபது கிலோ அரிசி வாங்குகிறது. அறுபது கிலோ ஒரு வியாபாரமா என்பீர்கள். ஆனால் அந்தத் தனியறைப் பயணிகளுக்குக் கொடுக்கும் மெனு அட்டையில் ‘கீழ்வேளூர் சீரகச் சம்பா’ என்று ஊர்ப் பெயரோடு அச்சடித்திருந்தார்கள். அந்த அட்டையைக் காட்டித்தான் கும்பகோணத்திலும் திருச்சியிலும் கடைக்காரர்கள் எங்களிடம் மூட்டை மூட்டையாக எடுக்க ஆரம்பித்தார்கள். எங்கள் குடோன் சுவரில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

தை மாதம் சமையற்கூடத்திலிருந்து, இரண்டு வருடத்தில் மூன்றாவதாக, ஒரு புகார் வந்தது. சோறு விறைப்பாக இருக்கிறதாம், பயணிகள் தட்டில் மிச்சம் வைக்கிறார்களாம், மாசியோடு நிறுத்திக்கொள்கிறார்களாம். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நாங்கள் அனுப்புவது ஒரு வருடம் ஆறப்போட்டு அரைத்த பழைய அரிசி. எங்கள் பக்கம் விருந்தாளிக்குப் புது அரிசி போடமாட்டோம். குழைந்துபோகும், வயிற்றுக்கும் மந்தம். கல்யாணம் காதுகுத்து என்றால் பழைய நெல் யார் வீட்டில் இருக்கிறது என்று தேடிப் போய் வாங்குவோம். இருப்பதிலேயே உசத்தியானதை அனுப்பிவிட்டு இந்தப் பேச்சையும் கேட்க வேண்டுமா?

சமையற்கூடத்துக்குள் வந்து பார்க்கிறேன் என்றேன். பாதுகாப்பு விதி, வெளியாள் வரக்கூடாது என்றார்கள். விமானத்தின் பின்பக்கம் உட்கார்ந்து போனாலும் பயன் இல்லை, அங்கே வேறு அரிசி. எங்கள் சோறு முன்னால் இருக்கும் ஆறு தனியறைகளுக்கு மட்டும்தான். எங்கள் குழுத் தலைவி ஜெயசீலி அக்காவுக்கு நான் போவதில் இஷ்டமில்லை.

“போய்ப் பாத்து என்ன வசந்தா பண்ணப் போற? வேணாம்னா விட்டுட்டுப் போறான். நம்ம அரிசிக்கா ஆள் இல்ல?”

“அவன் விட்டா விடட்டும்க்கா. நம்ம அரிசி சரியில்லன்னு எழுதிட்டான்ல, அதை நான் விடமாட்டேன்.”

“சரி, போ. சண்டை போடாம வா.”

இனி செலவு விவரம். அந்த அறைக்குக் காசு கொடுத்து டிக்கெட் எடுத்தால் ஒரு வழிக்கே ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் காட்டியது. அந்தப் பணத்துக்கு இரண்டு கறவை மாடு வாங்கலாம். என் தம்பி கணேசன் கப்பலில் என்ஜினியர், குடும்பத்தோடு வீடு அந்த வளைகுடா நகரத்தில்தான். பதினோரு வருடமாகக் கப்பலேறப் பறந்து பறந்து மைல் புள்ளிகள் சேர்த்து வைத்திருந்தான். அதில் அறுபத்திரண்டாயிரம் புள்ளிகளை எனக்காகக் கொடுத்தான். வரி மட்டும் ₹9,340 கட்டினேன். திரும்பி வர திருச்சிக்குச் சாதாரண வகுப்பு, ₹13,200.

விமானம் காலை 10.05க்கு. அதனால் முதல் நாளே காலை ஏழு மணிக்குக் கீழ்வேளூரிலிருந்து காரில் கிளம்பினேன். நாகப்பட்டினம், காரைக்கால், சிதம்பரம், புதுச்சேரி, திண்டிவனம் வழியாக மீனம்பாக்கம் வரை 312 கிலோமீட்டர், ஏழரை மணி நேரம், சுங்கம் சேர்த்து ₹6,800. டிரைவர் முருகேசன் எங்கள் பக்கத்துத் தெரு. சீர்காழி தாண்டும் வரை பொறுத்துப் பார்த்தவர், பிறகு கேட்டேவிட்டார்.

“ஏங்க்கா, சோறு திங்கவா பிளேன் ஏறப் போறீங்க?”

“ஆமாங்க.”

“வீட்டுல குக்கர் ரிப்பேரா?”

சிதம்பரத்தில் காபிக்கு நிறுத்தினோம். அங்கிருந்து சென்னை வரை அந்தச் சமையற்கூடத்து ஆளை எப்படிக் கிழிப்பது என்று முருகேசனிடமே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். நடுநடுவே அவரும் நல்ல நல்ல வார்த்தை எடுத்துக் கொடுத்தார். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் லாட்ஜில் ஒரு இரவு ₹1,900.

மறுநாள் எட்டு மணிக்கு உள்ளே போனேன். முதல் வகுப்புக்குத் தனி வரிசை, தனி ஆள். பாதுகாப்புச் சோதனையில் கைப்பையிலிருந்த மாவடு பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டார்கள். கணேசன் வீட்டுக்குக் கொண்டுபோனது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஊறுகாயைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள்.

அறையைப் பற்றிச் சொல்கிறேன், பலரும் இதற்காகத்தான் படிப்பீர்கள். விமானத்தின் மூக்குப் பக்கம் ஆறே அறைகள். என்னுடையது ஜன்னலோரம். அகலமான தோல் நாற்காலி, பட்டனை அழுத்தினால் நீண்டு கட்டிலாகிறது. எதிரே டிவி. முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு மூடி, திறந்தால் சென்ட், கிரீம். புடவையை மாற்றிப் போட்டுக்கொள்ளத் துணியும் செருப்பும் தருகிறார்கள். நான் பட்டுப்புடவையிலேயே இருந்தேன், என் ஊருக்காகப் போயிருக்கிறேன் இல்லையா. கதவு தள்ளுகதவு, என் தலைக்கு மேல் ஒரு சாண் உயரம். மூடிக்கொண்டால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. பணிப்பெண் ரோஷினி, தாம்பரத்துப் பிள்ளை, எப்படி மூடுவது என்று காட்டிக் கொடுத்தாள். நான் திறந்தே வைத்துக்கொண்டேன்.

காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் விசேஷம் என்றால் வீட்டுக்காரர்கள் பந்தி விசாரிப்பார்கள். இலைக்கு இலை நின்று, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டு, யார் எதை ஒதுக்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். ஒதுக்கிய இலையைப் பார்த்தால் சமையலில் என்ன குறை என்று தெரிந்துவிடும். இங்கே பரிமாறுவது எங்கள் அரிசி. ஆறு அறையில் ஒன்று காலி, ஒன்றில் நான், மிச்சம் நான்கிலும் கதவு சாத்தியிருக்கிறது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இத்தனை தூரம் வந்தும் ஒரு தட்டுகூடக் கண்ணில் படவில்லை. பதினொன்றரையிலிருந்து மூன்று தடவை கழிவறைக்குப் போய் வந்தேன். மூன்றாவது தடவை சமையல் மேடைக்குப் பக்கத்தில் திரும்பி வந்த இரண்டு தட்டுகள் இருந்தன. மீன் குழம்பு காலி, பொரியல் காலி. சோறு மட்டும் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

“மேடம், உடம்பு ஏதும் சரியில்லையா?” என்றாள் ரோஷினி.

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்குச் சாப்பாடு கொண்டு வாம்மா.”

வெள்ளைத் துணி விரித்து, பீங்கான் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். மூடியைத் திறந்ததும் மணம் வந்தது. எங்கள் அரிசியின் மணம்தான், கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன். பருக்கையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் பொலபொலவென்று இருந்தது. அப்படி வா வழிக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஒரு வாய் போட்டேன். பல்லில் கடினமாகப் பட்டது.

ஸ்பூனை வைத்துவிட்டு ஒரு பருக்கையைத் தட்டின் ஓரத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு. இன்னொன்று. அதிலும் பொட்டு. வீட்டில் தண்ணீர் போதாமல் வெந்த சோறு அப்படித்தான் இருக்கும். பழைய அரிசி தண்ணீரை நிறையக் குடிக்கும். புது அரிசி ஒரு பங்குக்கு ஒன்றேமுக்கால் போதும் என்றால் பழையதற்கு இரண்டரை வேண்டும். சமையற்கூடத்துக்காரர்கள் சீரகச் சம்பாவுக்கு என்று பொதுவாக ஓர் அளவு வைத்து, அதையே இதற்கும் ஊற்றியிருக்கிறார்கள்.

சரி, பழைய அரிசி என்று அவர்களுக்கு யார் சொன்னது? எங்கள் மூட்டையில் அரிசியின் பெயர், எடை, அரைத்த தேதி, குழுவின் பெயர். அவ்வளவுதான். எங்கள் ஊரில் ஒரு கை அள்ளிப் பார்த்தாலே பழசு புதுசு தெரிந்துவிடும், அதையும் எழுத வேண்டும் என்று இருபத்தேழு பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. சிதம்பரத்திலிருந்து சென்னை வரை ஒத்திகை பார்த்த வசவெல்லாம் வீண். தப்பு எங்கள் பேரில்.

ரோஷினியைக் கூப்பிட்டேன். “இன்னும் எத்தன பேர் சாப்பிடணும்?”

“ரெண்டு பேர் மேடம். ஏன், நல்லா இல்லையா?”

“இது எங்க அரிசிம்மா.”

அவள் மெனு அட்டையை எடுத்துப் பார்த்தாள். “இதுல இருக்கிற ஊரா? நீங்க விளைவிச்சதா?”

“நானும் இன்னும் இருபத்தாறு பேரும். நீ ஒண்ணு செய்யணும். அந்த ரெண்டு சோத்துலயும் ரெண்டு ஸ்பூன் சுடுதண்ணி தெளிச்சு, ஃபாயிலை இறுக்கி மூடி, இன்னொரு எட்டு நிமிஷம் சூடு பண்ணு. எடுத்ததும் திறக்காத, அஞ்சு நிமிஷம் அப்படியே இருக்கட்டும்.”

அவள் போய்த் தன் மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்தாள். தண்ணீர் தெளிப்பதில் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. பன்னிரண்டே காலுக்கு ஒரு தட்டு எனக்குப் பக்கத்து அறைக்குப் போனது. கதவு திறந்து மூடியது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்த இருபது நிமிடம் டிவியில் விமானம் கடல் மேல் ஊர்ந்து போகும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருந்தபோதுகூட இவ்வளவு பதறவில்லை.

ரோஷினி தட்டை எடுத்துக்கொண்டு வந்தவள், என் வாசலில் ஒரு நொடி நின்று, அதைச் சாய்த்துக் காட்டிவிட்டுப் போனாள். தட்டில் ஒரு கறிவேப்பிலை மட்டும் கிடந்தது.

எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நான் அழுதேன். அப்போதுதான் முதல் தடவையாக அந்தக் கதவைச் சாத்திக்கொண்டேன். அத்தனை வசதியிலும் எனக்கு உபயோகப்பட்டது அது ஒன்றுதான்.

அடுத்தவர் கொஞ்சம் மிச்சம் வைத்தார் என்று ரோஷினி பிறகு வந்து சொன்னாள். “அவர் எல்லாத்துலயும் மிச்சம் வச்சாரு ஆன்ட்டி, நீங்க வருத்தப்படாதீங்க” என்றாள். எப்போது மேடம் போய் ஆன்ட்டி வந்தது என்று நான் கவனிக்கவில்லை. கருத்து எழுதும் அட்டை கேட்டு வாங்கி, முன்னும் பின்னும் தமிழிலேயே எழுதினேன். பழைய அரிசி என்று சொல்லாமல் விட்டது எங்கள் தவறு, இரண்டரைப் பங்கு தண்ணீர் ஊற்றுங்கள், அதற்குப் பிறகும் விறைத்தால் என்னைக் கேளுங்கள் என்று. இறங்கும்போது அந்த ஊர் நேரம் ஒன்று. இரண்டு நாள் கணேசன் வீட்டில் இருந்துவிட்டுத் திருச்சிக்கு வந்து, தஞ்சாவூர் வழியாக ரயிலில் வீடு சேர்ந்தேன்.

பத்து நாள் கழித்துச் சமையற்கூடத்தின் தலைமைச் சமையற்காரர் போன் செய்தார். இரண்டரைப் பங்கு வைத்துச் சமைத்தாராம், ஆற வைத்து மறுபடி சூடு செய்தும் பார்த்தாராம். “இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். “சொல்லியிருக்கணும்ங்க” என்றேன். ஆர்டரை நிறுத்தவில்லை. பங்குனியில் அறுபது கிலோ போனது. இப்போது மூட்டையில் சிவப்பு எழுத்தில், ஓராண்டுப் பழைய அரிசி, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் அச்சடிக்கிறோம். முதல் மூட்டையைப் பார்த்த ஜெயசீலி அக்கா சிரித்தார்.

“இதெல்லாமா வசந்தா எழுதுவாங்க?”

“எழுதணும்க்கா. சாப்பிடறவங்க கதவச் சாத்திக்கிறாங்க.”

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. புள்ளிகள் இருந்தால் மட்டும் போங்கள், காசு கொடுத்துப் போகாதீர்கள். நான்கு மணி நேரப் பகல் பயணத்தில் கட்டிலுக்கு வேலையே இல்லை. சாப்பாட்டை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், பசித்தபோது கேளுங்கள். பணிப்பெண்ணிடம் பெயர் கேட்டுப் பேசுங்கள். கதவை நன்றாகச் சாத்திக்கொண்டு சௌகரியமாகச் சாப்பிடுங்கள். மெனுவில் எங்கள் ஊர்ப் பெயர் இருந்து, சோறு மட்டும் இறங்காவிட்டால், ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். கதவைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். பந்தி விசாரிக்க என்னால் தினமும் அங்கே வர முடியாது.