ஆறு நாளில் சுற்றிய நட்சத்திரம்

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க நான்கே நாள் இருக்கும்போது என் தலையில் இடி விழுந்தது.

பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டே, பகுதிநேரமாக நட்சத்திரக் கறைகளை ஆராய்ந்துகொண்டிருந்தேன். சூரியனில் இருப்பதுபோல் தூரத்து நட்சத்திரங்களிலும் கரும்புள்ளிகள் உண்டு. நான் எடுத்துக்கொண்டவற்றில் அவை கண்ணுக்குத் தெரியாது. நட்சத்திரமே வெறும் ஒளிப்பொட்டுதான். அது சுழலும்போது கறை நம் பக்கம் வந்தால் வெளிச்சம் துளி குறையும். விண்வெளித் தொலைநோக்கி அளந்துவைத்த அந்த ஏற்ற இறக்கத்தை லேப்டாப்பில் கிராஃப் போட்டு, ஒரு சுற்றுக்கு எத்தனை நாள் என்று கணக்கிடுவதே என் வேலை.

ஒரு நட்சத்திரம் ஆறு நாளுக்கு ஒருமுறை மங்கியது. வயதாக ஆக நட்சத்திரத்தின் சுழற்சி மெதுவாகிவிடும். ஆறு நாளில் ஒரு சுற்று, இவ்வளவு வேகம் என்றால் இளம் நட்சத்திரம் என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன்.

என் கணவர் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் கில்ன் ஆபரேட்டர். கில்ன் என்பது சுண்ணாம்புக்கல்லை வேகவைக்கும், சுழன்றுகொண்டே இருக்கும் பெரிய இரும்பு உருளை. ஷிப்ட் முடிந்து வந்து இட்லி சாப்பிட்டவர், என் திரையை எட்டிப் பார்த்தார்.

“ஒரு பள்ளம் பெருசு, அடுத்தது சின்னது. மாறி மாறி வருதே, பாத்தியா?”

“அதெல்லாம் நாய்ஸுங்க.” கருவியின் பிசிறு என்று நான் எப்போதோ ஒதுக்கிவிட்ட வித்தியாசம் அது.

“நாய்ஸ் இவ்ளோ ஒழுங்கா வருமா? எங்க கில்ன்ல உள்செங்கல் ரெண்டு எடத்துல தேஞ்சிருந்தா, வெளிச்சூட்ட அளக்குற ஸ்கேனர்ல ஒரு சுத்துக்கு ரெண்டு தரம் சூடு ஏறும். ஒண்ணு பெருசா, ஒண்ணு சின்னதா. அத ரெண்டு சுத்துன்னு எண்ணுனா இன்சார்ஜ் சும்மா வுடுவாரா?”

கிராஃபை மறுபடி பார்த்தேன். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு கறைகள் என்றால் சுற்று பன்னிரண்டு நாள். நட்சத்திரம் இளசும் இல்லை. அத்தியாயம் காலி.

என் ஆய்வு வழிகாட்டிக்கு போன் போட்டேன். “அத யாரும்மா நோண்டிப் பாக்கப் போறாங்க? சப்மிட் பண்ணிடுங்க. இத வுட்டா ஒரு வருஷம் போயிடும், ப்ரமோஷனும் போயிடும்” என்றார். அக்கறையாகத்தான் சொன்னார்.

அழுகை வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, கிராஃபைப் பன்னிரண்டு நாள் துண்டுகளாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துப் போட்டேன். சிதறிக் கிடந்த புள்ளிகள், பெரிதும் சின்னதுமாய் இரண்டு பள்ளம் உள்ள ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தன. எந்த மனிதரும் பார்த்திராத ஓர் உருண்டையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், எங்கள் வீட்டு இட்லித் தட்டுக்குப் பக்கத்தில். உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிறகு ஆறு நாள் என்று கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், மென்பொருள் ஓர் எண்ணைத் துப்பியதும் எழுதிவிடாதீர்கள். அதை இரட்டித்தும் ஒருமுறை மடித்துப் பாருங்கள்.

அத்தியாயத்தைத் திருத்தி எழுதியதில் சமர்ப்பிப்பது ஒரு வருஷம் தள்ளிப்போனது; பதவி உயர்வு என்னைவிட இளையவருக்குப் போனது. இன்றும் அவருக்குக் கீழேதான் வேலை பார்க்கிறேன். வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நட்சத்திரம் சுற்றப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது.